மொட்டை நீர்க்கோழி

"இந்த வெள்ளைக் கலருக்கு 'மொட்டை நீர்க்கோழி'ன்னு பேர் வைப்போம்" என்றாள் பெவ்.

ஆலிசன் டீயில் நனைத்துக்கொண்டிருந்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. எல்லார் கண்ணும் லொரெய்ன் போட்டிருந்த கம்பளிக் குல்லாவுக்குப் போய்விட்டு, அவசரமாகத் திரும்பி வந்தன.

இங்கிலாந்தில் ஓல்டம் ஊரில் நெயில் பாலிஷ் செய்யும் சின்னக் கம்பெனி அது. பாட்டிலுக்கு அடியில் ஒட்டும் பெயரில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. பழுப்புக்கு 'கொத்தனார் டீ'. சாம்பல் நிறத்துக்கு 'லீவு நாள் மழை'. ரத்தச் சிவப்புக்கு 'வரிசையில புகுந்தவன்'. பெண்கள் பாட்டிலைத் திருப்பிப் படித்து, கடையிலேயே சிரித்துவிட்டு, அப்புறம்தான் பணப்பையைத் திறப்பார்கள்.

பாதிப் பெயர்கள் லொரெய்ன் வைத்தவை. அவளும் பெவ்வும் நாள் முழுக்க ஒருத்தி காலை ஒருத்தி வாரிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும், பெயர்கள் தானாக வந்து விழும்.

அப்புறம் லொரெய்னுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து முடியையெல்லாம் தின்றுவிட்டது. பல மாதம் கழித்து, ரெண்டு வாரத்துக்கு முன்னால்தான் வேலைக்குத் திரும்பினாள்.

ஆலிசன்தான் மேனேஜர். ஏற்பாடெல்லாம் அவளுடையது. லொரெய்ன் நாற்காலிக்கு மெத்தை. லொரெய்ன் முன்னால் யாரும் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கடைக்குப் போகவிருந்த புதுக் கலர்ப் பெட்டியிலிருந்து 'முடியைப் பிடிச்சுக்கோ' என்ற கலரைக்கூட எடுத்துவிட்டாள். கோபப்படாதே என்பதற்கு அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். லொரெய்னே வைத்த பெயர்தான். ஆனாலும் மனசு நோகுமே. எதற்கும் இருக்கட்டும் என்று 'செத்த அழகு' என்பதையும் அடித்துவிட்டாள்.

இவ்வளவு தாங்கியும் லொரெய்ன் வாயிலிருந்து ஒரு பெயர் வரவில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்கே வந்துவிட்டாள்.

"இந்த மாசத்தோட நின்னுக்கறேன் ஆலிசன். எனக்கு இனிமே இந்த வேலை வராது."

ஆலிசன் இன்றைய கூட்டத்தில் எப்படியாவது அவள் மனசை மாற்றிவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் இந்த பெவ், ஸ்பெயினில் லீவைக் கழித்துவிட்டு மூக்குத் தோல் உரிய இன்றுதான் வந்தவள், முதல் வேலையாக இதைச் சொல்கிறாள். நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள அந்தக் கறுப்பு நீர்க்கோழியைச் சொல்லித்தான் வழுக்கைத் தலையைக் கேலி செய்வார்கள் என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். காலையில் வாசலிலேயே நிறுத்தி வைத்து எச்சரித்தும் இப்படி.

"பெவ், கொஞ்சம் வெளியில வா."

"எதுக்கு? இங்கேயே சொல்லு."

"யார் முன்னால என்ன பேசறேன்னு தெரியுதா உனக்கு?"

"லொரெய்ன் முன்னால பேசறேன். அவ தலை மொட்டைதானே? அவ வீட்டுலயும் கண்ணாடி இருக்கும்."

கணக்கு பார்க்கும் கிம், லொரெய்ன் தோளைத் தொட்டாள். "காதுல வாங்காதே கண்ணு. சூடா ஒரு டீ போட்டுத் தரட்டுமா?"

லொரெய்ன் மேஜையில் இருந்த வெள்ளை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலிசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இப்பவே மன்னிப்புக் கேளு பெவ். இல்லேன்னா உன் மேஜையைக் காலி பண்ணிடு."

பெவ் கையைக் கட்டிக்கொண்டாள். "மாட்டேன். பேர் நல்லா இருக்கு."

லொரெய்ன் குனிந்தாள். தோள்கள் குலுங்கின. ஆலிசன் ஓடிப்போய் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

நிமிர்ந்தபோது லொரெய்ன் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். குல்லாவைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு, பாட்டிலைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"நீர்க்கோழிக்கு இந்தப் பளபளப்பு போதாது. நல்லா பார்த்துக்கோங்க. இந்த அளவுக்கு மின்னணும்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் பெவ்.

"நீ சும்மா இரு. அந்த அழுக்கு மஞ்சளை இங்கே குடு. இதுக்கு 'பெவ்வோட பல்லு'."

"என் பல்லுக்கு என்னடி குறைச்சல்?"

"எண்ணிக்கைதான் குறைச்சல்."

கிம் டீக் கெட்டிலை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். லொரெய்ன் அடுத்த பாட்டிலை எடுத்தாள். வெளிறிப்போன நீலம்.

"இது, 'ஆலிசனோட ஆஸ்பத்திரிக் குரல்'."

ஆலிசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரெண்டு வாரமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்குக் கிடைத்த பரிசு இதுதானா?

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதானே லொரெய்ன், நாங்க எல்லாரும்..."

லொரெய்ன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் ஆலிசன். உனக்குத் தங்கமான மனசு. ஆனா ரெண்டு வாரமா நீங்க எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரியே பேசினீங்க. நான் பிழைச்சு வந்துட்டேன்னு நம்பினது இவ ஒருத்திதான்."