பூட்டிய கொட்டகை

"வாய்ப்புண்ணோட நிக்கற அந்தக் கோமாரி மாட்டைப் பின்கொட்டகையில அடைச்சுப் பூட்டுங்க. வர்றவர் கண்ணுல பட்டா மானம் கப்பலேறிடும்!" என்று பறந்தார், கால்நடை மருத்துவமனைத் தலைமை டாக்டரம்மா.

பயிற்சி ஒப்பந்தம் போட வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வந்தார். கோமாரி பற்றி அவர் எழுதிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்துத்தான் டாக்டரம்மா பட்டமே வாங்கினார்.

கழுவிவிட்ட கொட்டகைகளைப் பார்த்துப் பேராசிரியரின் முகம் சுருங்கியது.

"கோமாரி மாடு ஒண்ணுகூட இல்லையா?"

"பேருக்குக்கூட இல்லைங்க சார்!"

"அப்போ ஒப்பந்தம் வேண்டாம், டாக்டர்."

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்களுக்குச் சொல்லித்தரத்தானே சார் வந்தீங்க?"

"இல்ல, உங்ககிட்ட கத்துக்க வந்தேன். எங்க நாட்டுல கோமாரி ஒழிஞ்ச பிறகுதான் நான் பொறந்தேன். புத்தகம் எழுதிட்டேனே தவிர, அந்த நோய் வந்த மாட்டை இன்னிவரைக்கும் கண்ணால பார்த்ததில்ல."

டாக்டரம்மாவின் கைக்குள் பின்கொட்டகைச் சாவி சுட்டது.