யாரும் சுடவில்லை

கேம் கம்பெனி இயக்குநரின் மேசையிலிருந்த கண்ணாடிக் கோப்பை உடைந்தபோது அறையில் டெஸ்டர் மட்டும்தான் இருந்தான். புது வீடியோ கேம்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. முதலாளி நாற்காலியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டான். கால் பட்டது, கோப்பை போயிற்று. 'மனசாட்சியின் சிற்பி' என்று இயக்குநரை மேடையேற்றிக் கொடுத்த பரிசு அது. சில்லுகளைப் பொறுக்கி முதுகுப் பையில் போட்டுக்கொண்டான்.

கோப்பையைக் காணோம் என்றதும் இயக்குநர் ஆடித் தீர்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் திருடன் யாரென்று தெரியாவிட்டால், அந்த அறைப்பக்கம் கடைசியாகப் போன டெஸ்டரின் சீட்டு கிழியும் என்றார். வேலை போனால் கல்யாணமும் போகும். "நாள் பூரா கேம் ஆடுறதெல்லாம் ஒரு உத்தியோகமா மாப்ளே?" என்று பெண்ணைப் பெற்ற மாமா ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்.

டெஸ்டர் நேராக இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் போனான். அவள் புது ஆட்டத்தின் நாயகி, செயற்கை நுண்ணறிவு. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறவள் அல்ல. கேட்பாள், யோசிப்பாள், அழுவாள். பொய் சொன்னால் ஒரு புருவத்தைத் தூக்குவாள். அவளிடம் பொய்யை ஒத்திகை பார்த்தான். காக்கா தூக்கிப் போய்விட்டது என்றான். ஒரு புருவம் ஏறியது. நிலநடுக்கம் என்றான். இரண்டும் ஏறின. கடைசியில் உண்மையையே கொட்டிவிட்டான்.

திரையில் அவள் பெருமூச்சு விட்டாள். "உங்க சாருக்கு யார் மேல ரொம்பப் பிரியம்?"

"அவர் மேலதான்."

"அப்ப, யாரோ ரசிகன் ஞாபகார்த்தமா எடுத்துட்டுப் போயிருப்பான்னு சொல்லு தம்பி."

சொன்னான். இயக்குநரின் முகம் அப்பளம் மாதிரி விரிந்தது. போலீஸ் கீலீஸ் ஒன்றும் வேண்டாம், பாவம், ரசனை உள்ளவன் என்று மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் வெளியீட்டு விழா. அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் சுட முடியும், அதுவும் கடைசிக் காட்சியில். இன்ஸ்பெக்டர் அம்மா மண்டியிட்டுக் கண் கலங்குவாள். சிவப்புப் பட்டனை அழுத்தினால் அவள் செத்தாள், ஆடுகிறவருக்குப் புதையல். கொஞ்ச நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் அவள் பிழைத்தாள், இவருக்கு ஒன்றுமில்லை.

பேராசிரியர் ஆடினார், பத்திரிகை ஆசிரியர் ஆடினார், ஓய்வுபெற்ற நீதிபதி ஆடினார். பட்டன்மேல் கட்டைவிரல் நடுங்கியது, நெற்றி வியர்த்தது, பல்லைக்கூடக் கடித்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் பிழைத்தாள்.

"மனசு வரலீங்க," என்றார் நீதிபதி, சிவந்துபோன விரலைத் தடவிக்கொண்டே. மற்ற இருவரும் தங்களுக்கும் வரவில்லை என்று அவசரமாகச் சொன்னார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தார். "இயந்திரத்துக்கு மனுஷத்தன்மையைக் கொடுத்தேன். அது இன்னைக்கு மனுஷங்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கு."

அரங்கம் அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் டெஸ்டர்.

விஷயத்தை வெளியே விடாமலிருக்க இன்ஸ்பெக்டர் அம்மா கேட்ட லஞ்சத்தை அவன் காலையிலேயே கொடுத்துவிட்டிருந்தான்: சிவப்புப் பட்டனுக்கு அடியிலிருந்த கம்பி, அவன் முதுகுப் பையில் கண்ணாடிச் சில்லுகளோடு கிடந்தது.