அந்தோணியார் பன்றிக்குக் கழிச்சல்

பசிலிசா துடைப்பத்தால் பன்றியை அடித்ததை ஊரே பார்த்தது.

சாதாரணப் பன்றியா அது? வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்டது. கழுத்தில் மணியோடு ஆறு மாதமாக வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுகிறது. ஜனவரி பதினேழாம் தேதி திருவிழாக் குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ, அவருக்குப் பன்றி. அதற்குக் கதவைச் சாத்திய வீடே கிடையாது.

பசிலிசா சாத்தினாள். மூன்று வாரமாகத் துடைப்பமும் கையுமாக நிற்கிறாள்.

இப்போது பன்றிக்குக் கழிச்சல். திருவிழாவுக்குப் பத்தே நாள்.

"சாமி பன்னியை அடிச்சா சும்மா விடுமா?" மேயர் எவெலியோ மதுக்கடை வாசலில் குதித்தார். "நான் தினமும் ஆம்லெட் ரொட்டியில பாதியைக் கடிச்சுட்டு, மீதியை என் கையாலயே ஊட்டுறேன். இந்தக் கஞ்சப் பொம்பளை..."

சட்டென்று நிறுத்தினார். "இருங்க, முக்கியமான போன்" என்று உள்ளே ஓடினார். வந்தார். மறுபடி ஓடினார்.

கால்நடை டாக்டர் நியெவெஸ் வந்து, மதுக்கடையில் மேயரின் மேசையிலேயே மைக்ராஸ்கோப்பை வைத்துப் பன்றியின் கழிவைப் பார்த்தாள்.

"ஜியார்டியா. குடல்ல ஒட்டிக்கிற ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாது. மருந்துல போயிடும். ஆனா யாரோ மனுஷங்ககிட்டயிருந்து வந்திருக்கலாம். அவங்களைக் கண்டுபிடிக்கலேன்னா திரும்ப வரும்."

"கண்டுபிடிங்க டாக்டரம்மா! யாரா இருந்தாலும் இந்த வருஷம் குலுக்கல்ல சீட்டு கிடையாது!" மேயர் பசிலிசாவைப் பார்த்தபடி மேசையைத் தட்டினார்.

"அப்ப நாளைக்குக் காலையில எல்லாரும் ஆளுக்கொரு டப்பா கொண்டு வாங்க."

"டப்பாவுல... எது?"

"உங்களோடதுதான்."

பங்குச் சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் கேக் டப்பாவில் ரிப்பன் கட்டியே கொண்டுவந்துவிட்டார். மேயர் கழுதைத் தொழுவத்திலிருந்து நேராக வந்தார். அவர் டப்பா நிரம்பி வழிந்தது.

பசிலிசா மட்டும் வெறுங்கையோடு வந்தாள்.

"எனக்குப் பார்க்க வேண்டாம் டாக்டரம்மா. எனக்கு அந்த ஒட்டுண்ணி இருக்கு. மூணு வாரத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மருந்து சாப்பிடறேன்."

"பார்த்தீங்களா!" மேயர் துள்ளினார்.

"குணமாகற வரைக்கும் என் கையால யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாதுன்னாங்க. இந்தப் பன்னிக்கு அது புரியுதா? கதவைச் சாத்தினா முட்டுது. அடிச்சுத் துரத்திட்டு, உள்ள போய் அழுவேன்."

கூட்டம் தலைகுனிந்தது, மேயர் தவிர.

"அழுதா ஆச்சா? சீட்டு கிடையாது!"

"மூணு வாரமா ஒரு வாய் குடுக்காதவங்க எப்படி நோயைக் குடுப்பாங்க?" என்றாள் நியெவெஸ். டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். கடைசி டப்பாவை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. உங்க டப்பாவும் சுத்தம்தான் மேயரே. ஆனா, இனிமே வைக்கோலைக் கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடுங்க."