பிரேக் தட்டின் சூடு

விரலைப் பிரேக்கிலிருந்து எடுக்கப் பார்த்தாள்.

விரல் கேட்கவில்லை.

முன்னால் தேயிலைச் சரிவு. நடுவில் ஒற்றையடித் தடம். சற்றுக் கீழே, படிக்கட்டு இடிந்து கிடப்பது போலப் பாறைகள்.

போன வருடம் அங்கேதான் விழுந்தாள். பின்சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிட்டது.

அவள் நிற்கவில்லை.

தோளெலும்பு கூடிவிட்டது. விரல்தான் இன்னும் சரியாகவில்லை.

மோட்டார் வைத்த மலைச் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை. அவற்றை வடிவமைப்பது அவள் கணவன் திருமூர்த்தியின் வேலை. போன வருடம் அவளைத் தூக்கிப் போட்டதும் அவன் செய்த வண்டிதான். அதைப் பற்றி இருவரும் வீட்டில் பேசுவதில்லை. அதற்குப் பதில், ஒரு வருடம் உட்கார்ந்து, இப்போது அவள் ஏறியிருக்கும் இந்த வண்டியைச் செய்தான்.

இதில் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை, பெடலுக்கு மேலே, நல்ல உயரத்தில் ஓர் அச்சில் தொங்குகிறது. கல் இடித்தால் சக்கரம் மேலே எழும்புவதோடு நிற்காது. கொஞ்சம் பின்னாலும் ஒதுங்கிக்கொள்ளும். அச்சு மேலே போனதால், சங்கிலியும் ஒரு குட்டிச் சக்கரத்தின் மேல் ஏறி வருகிறது.

"உன்ன மாதிரி இல்ல. இது விட்டுக்கொடுக்கும்," என்றிருந்தான் காலையில், டயரில் காற்றழுத்தம் பார்த்துக்கொண்டே.

"அப்ப இதையே கட்டியிருக்கலாமில்ல நீங்க."

அவன் சிரித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சரி என்றால் வண்டி உற்பத்திக்குப் போகும். இல்லையென்றால் அச்சு பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஆனால் அதைச் சொல்ல அவள் பாறையில் பிரேக் பிடிக்காமல் இறங்க வேண்டும். பிடித்துக்கொண்டே இறங்கினால் அச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவள் பயத்தைப் பற்றித்தான் தெரியும்.

அதுவும் அவனுக்குத் தெரிந்துவிடும். ஓட்டி முடித்தவரிடம் திருமூர்த்தி எதுவும் கேட்பதில்லை. நேரே குனிந்து, பின்சக்கரத்துப் பிரேக் தட்டின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவான். தொடமாட்டான். தட்டில் விரல் பிசுக்குப் பட்டால் பிரேக் கெட்டுவிடும் என்று பட்டறையில் எல்லோரையும் திட்டுகிறவன். பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருந்தால், பக்கத்தில் வைத்தாலே சூடு தெரியும்.

"அப்பளம் சுடலாம் போல," என்று முன்பெல்லாம் அவளைக் கிண்டலடிப்பான்.

இந்த ஒரு வருடமாக அவள் கொண்டுவந்த எல்லா வண்டியிலும் தட்டு கொதித்தது.

அவன் கிண்டலை நிறுத்திவிட்டான்.

"ஏம்மா!"

தேயிலை பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி நிமிர்ந்து நின்றாள்.

"இந்தக் கல்லுல எதுக்கும்மா போற? அந்தாண்ட ரோடு போட்டு வெச்சிருக்காங்களே, உனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்ததில், விரல் எப்போது விலகியது என்று தெரியவில்லை. சக்கரம் உருண்டுவிட்டது.

முதல் கல்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தியது போல இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது கல், அதன் பின்னால் இன்னொன்று. பின்சக்கரம் ஒதுங்கியது, திரும்பி வந்தது. ஒதுங்கியது, திரும்பி வந்தது.

அவள் விழுந்த கல் வந்தது.

போயும்விட்டது.

தடம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேடு. அதன் உச்சியில் திருமூர்த்தி பிளாஸ்க்கோடு நின்றிருந்தான். வண்டி மேடேறி, தானாகவே வேகம் குறைந்து, அவன் பக்கத்தில் வந்து நின்றது. காலை ஊன்றினாள்.

"மேல இருக்கற அந்தக் குட்டிச் சக்கரத்துல சங்கிலி கரகரங்குது," என்றாள். மூச்சு வாங்கியது. "வளைவுல வண்டி வால் நீட்டுது, சட்டுனு திரும்ப மாட்டேங்குது. எடையும் ஜாஸ்தி."

"ம்."

"இன்னும் சொல்லட்டுமா?"

அவன் பிளாஸ்க்கைப் புல்லில் வைத்தான். குனிந்தான். பிரேக் தட்டின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனான்.

இன்னும் பக்கத்தில்.

பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கையை முழுவதுமாகத் தட்டின் மேல் வைத்தான்.

"ஐயோ, பிசுக்குப் பட்டுடும்ங்க!"

அவன் கையை எடுக்கவில்லை.