ஹாக்கி பாக்க மாட்டோம்

சம்பளத் தகராறுல, ஹாக்கி ஆடுற குதிரைங்களும் டீம் நடத்துற நரிங்களும் முறைச்சுக்கிட்டதால நாலு மாசமா மேட்ச்சே இல்ல.

ஆடு மூச்சிரைக்க ஓடி வந்துச்சு. "கழுதையண்ணே! ரெண்டு தரப்பும் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சாங்களாம். தகராறு முடிஞ்சிரும் போல!"

"டீ குடிச்சதுக்கே இந்தத் துள்ளலா? இத்தன நாள் ரசிகர்கள ஒரு நாயாவது மதிச்சுதா? மேட்ச் ஆரம்பிச்சாலும் நாம போகக்கூடாது. காலி கேலரியப் பாத்துக் கதறட்டும்!"

ஆட்டுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஹாக்கின்னா அதுக்கு உசுரு. இருந்தாலும் ரோஷம் வந்துருச்சு. "நியாயம்ண்ணே. சத்தியமா நான் போகமாட்டேன்."

"உறுதியா?"

"உறுதிண்ணே."

"அப்ப கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி உன் எடத்துல நான் துண்டு போட்டுக்கறேன்"னு சொல்லிட்டு, கழுதை கெளம்பிருச்சு.