படிக்க வந்த நாத்தனார்

“என்னடி இது? ஒரு கவுன் இல்லை, ஒரு கிலுகிலுப்பை இல்லை!”

சூட்கேஸை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தோழி மூக்கின் மேல் விரலை வைத்தாள். உள்ளே முழுக்கப் புத்தகங்கள். மாற்றுத் துணிகள் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தன.

“அதெல்லாம் அங்கேயே கிடைக்கும். நல்ல புஸ்தகம் கிடைக்குமா?” என்றாள் தணிக்கை அதிகாரி, அலமாரியின் அடுத்த அடுக்கைக் காலி செய்தபடி.

தம்பிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய அவன் மாமியார் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டுவிட்டார். “அக்கா, நீதான் கதி” என்று தம்பி போனில் அழாத குறை. அக்கா நாலு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘கறார்’.

ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து இடது கையில் தூக்கிப் பார்த்தாள்.

“கனம். வேண்டாம்.”

இன்னொன்றை விரித்து வைத்தாள். அது தானாக மூடிக்கொண்டது.

“திறந்தா திறந்தபடி இருக்கணும். இதுவும் வேண்டாம்.”

“இது?”

“குழந்தை செத்துப்போற கதை. வேண்டவே வேண்டாம்.”

“இதை எடுத்துக்கோயேன், பெரிய பெரிய ஆளெல்லாம் புகழ்ந்திருக்காங்க.”

“புகழ்ந்தா போதுமா? ஒரு அத்தியாயம் அறுபது பக்கம் போகுது. அஞ்சு நிமிஷம் கிடைச்சா ஒண்ணு முடியணும். சிரிப்பு வந்தா இன்னும் நல்லது.”

தோழிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஓ, படுத்துக்கிட்டே படிக்கத் தோதா பார்க்கிறியாக்கும்! அந்தப் பொண்ணு பாவம், ரெண்டையும் வெச்சுக்கிட்டு அல்லாடுவா. நீ கால் மேல கால் போட்டுக்கிட்டுக் கதை படிப்பே. நல்லா இருக்குடி உன் நியாயம்!”

“பேசினது போதும். சூட்கேஸ் மேல ஏறி உட்காரு. பூட்டணும்.”

தம்பி வீட்டு வாசலில் சூட்கேஸை இறக்கும்போதே அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

“என்னக்கா, கருங்கல்லா?”

“புஸ்தகம்டா.”

அடுக்களை வாசலில் நின்றிருந்த தம்பி மனைவியின் முகம் சுருங்கியது. அவள் தோளில் ஒரு குழந்தை வீறிட்டது. உள்ளறையிலிருந்து இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. நாற்காலி முழுக்க மடிக்காத துணி. தலை வாரி எத்தனை நாள் ஆனதோ அவளுக்கு.

“வாங்க அண்ணி.” குரலில் சுரத்தே இல்லை.

“ம்... ரெண்டும் இவன் ஜாடைதான், குரல் உட்பட” என்றவள் கூடத்தை ஒரு நோட்டம் விட்டாள். “டேய், அந்தத் துணியை எல்லாம் எடு. இந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளு. வெளிச்சம் நல்லா விழணும்.”

தள்ளினான்.

“முதுகுக்கு ஒரு தலையணை.”

ஓடினான்.

“பக்கத்துல ஒரு ஸ்டூல். அதுமேல தண்ணி.”

மறுபடி ஓடினான். அவள் சூட்கேஸைத் திறந்து, புத்தகங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

தம்பி மனைவி புருஷனை அடுக்களைக்குள் இழுத்தாள்.

“உங்க அக்கா ஒத்தாசைக்கு வந்திருக்காங்களா, ஓய்வெடுக்க வந்திருக்காங்களா?”

“மெதுவா பேசும்மா...”

“இவங்க ரெண்டு பேர் போதாதுன்னு மூணாவதா அவங்களையும் நான் பார்க்கணுமா? நாளைக்கே நான் எங்க வீட்டுக்குக் கிளம்புறேன். உடைஞ்ச காலோட படுத்துக்கிட்டாவது எங்கம்மா ஒண்ணைத் தட்டித் தூங்க வைப்பாங்க.”

“வந்து பத்து நிமிஷம்கூட ஆகலை...”

“அதுக்குள்ளேயே இத்தனை வேலை வாங்கிட்டாங்களே!”

“அங்கே என்ன குசுகுசு?” கூடத்திலிருந்து குரல் வந்தது. “ரெண்டு பேரும் இங்கே வாங்க!”

இருவரும் திருட்டு முழியோடு வந்து நின்றார்கள்.

நாத்தனார் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. நேராக வந்து, தம்பி மனைவியின் தோளில் இருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“கழுத்து, அண்ணி...”

“தெரியும், தெரியும். ரெண்டு வாரமா மூணாவது மாடிப் பிள்ளையைக் கடன் வாங்கிப் பழகிட்டுத்தான் வந்திருக்கேன். டேய், உள்ளே கத்துறானே, அவனையும் கொண்டா.”

புதிய கைகளைக் கண்டு திகைத்தோ என்னவோ, குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. காலியான தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தம்பி மனைவி விழித்தாள்.

“போன தடவை நான் வந்தப்ப, கையில புஸ்தகத்தோடயே வீடு பூரா அலைஞ்சே. சாம்பாரைத் தீய விட்டே, ஆனா அதைக் கீழே வைக்கலை. அன்னிக்கு போன்ல கேட்டா, கடைசியா என்ன படிச்சேன்னே ஞாபகம் இல்லைங்கிறே.”

“அண்ணி, அது...”

“இவங்களுக்குப் பசிச்சா மட்டும் உன்கிட்ட கொண்டுவரேன். மத்ததெல்லாம் நானும் இவனும் பார்த்துக்குவோம். எங்கே, போய் அந்த நாற்காலியில உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பு, பார்க்கலாம்!”