ஒரு கை தண்ணீர்

கணுக்காலில் ஏதோ கடித்தது. வலிக்கவில்லை.

வலிக்காததுதான் பாஞ்சாலியைப் பயமுறுத்தியது.

இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவள், இறால் போடும் பறியை அங்கேயே விட்டுவிட்டு அலறிக்கொண்டு கரையேறினாள். பாம்புதான். கலங்கலுக்குள் கறுப்பாக ஒரு நெளிவைப் பார்த்தாள். வாலை மட்டும் பார்க்கவில்லை. துடுப்பு மாதிரித் தட்டை வாலா, கூரான வாலா? அது தெரிந்திருந்தால் பிழைப்போமா மாட்டோமா என்று தெரிந்திருக்கும்.

மரக்காணத்தை ஒட்டிய இந்தக் கழுவெளிக்கு இரண்டு மனசு. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர் வந்து விழும், மறுபக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி வரும். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் நன்னீர், உவர்நீர், கடல்நீர் என்று அழகாகக் கட்டம் போட்டுப் பிரித்திருப்பார்கள். இங்கே பிரிப்பது நாக்குதான். ஒரு கை அள்ளி வாயில் விட்டால் போதும். இன்றைக்கு என்ன மீன், என்ன பாசி, என்ன பாம்பு என்று இங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இனித்தால் தண்ணீர்ப்பாம்பு. கடித்தால் தலைவலிகூட வராது.

கரித்தால் தட்டை வால் கடல்பாம்பு. அது கடித்தால் எறும்புக்கடி அளவுகூட வலிக்காது.

அவள் அண்ணன் சக்கரபாணி அப்படித்தான் போனான். வலையிலிருந்து உதறும்போது விரலில் கடித்தது. ஒன்றுமில்லை என்று சிரித்தான், கஞ்சி குடித்தான். பொழுது சாய்வதற்குள் தாடை இறுகிப் பேச்சு நின்றுபோனது.

பாஞ்சாலி வாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். வீட்டில் துர்காவுக்கு இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை.

தள்ளி நின்று வலை வீசிக்கொண்டிருந்த புருஷன் முருகையன் ஓடி வந்தான். கணுக்காலில் இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வலிக்கவே இல்லியே, இன்னா பண்றது?" என்றாள். வலி வரட்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொண்டு அந்தக் காலைக் கிள்ளினாள்.

முருகையன் தண்ணீருக்குள் பாய்ந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். பாஞ்சாலி மூச்சு விடவில்லை.

பிறகு அவன் சிரித்தான்.

"நல்ல தண்ணிடி! மூணு நாளு மழ, சக்கரையா இனிக்குது. தண்ணிப் பாம்புக்குப் போயி இப்பிடிப் பேஜாரு பண்ணிக்கினு கீற!"

போன உயிர் திரும்பி வந்தது. பாஞ்சாலி ஓவென்று அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு, மிதந்துபோன பறியை எடுத்து வர அவன் உள்ளே இறங்கிப் போனான்.

சேற்றோடு புரண்டிருந்த சேலை விளிம்பைப் பிழிந்தாள். பிழிந்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உதட்டில் உப்புக் கரித்தது. கண்ணீர் என்றுதான் நினைத்தாள்.

ஆனால் கண்ணீர் இவ்வளவு கரிக்காது.

சேலை விளிம்பை வாயில் வைத்து உறிஞ்சினாள். கடல்.

முருகையன் அள்ளியது மேல்தண்ணீர். மூன்று நாள் மழை மேலே மிதந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், பாம்பு கடித்த இடத்தில், கடல் சத்தமில்லாமல் வந்து படுத்திருந்தது.

அவனைக் கூப்பிட்டாள். குரல் குழறியது. பயத்தினால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

முருகையன் திரும்பிப் பார்த்துப் பறியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அவனும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.